லேபிள் இல்லாத பாட்டில், உள்ளே ஒரு வேர்

வாசகர் கேள்வி: ஆல்ப்ஸ் மலைப்பக்கம் போய்வந்த நண்பர், அங்கே தங்கிய பண்ணை வீட்டில் தயாரித்த மூலிகை மது என்று ஒரு பாட்டில் கொடுத்தார். லேபிள் கிடையாது. மங்கிய மஞ்சள் நிறம், உள்ளே விரல் நீளத்தில் இரண்டு வேர்த் துண்டுகள். ஜென்ஷியன் வேராம், செரிமானத்துக்கும் மூட்டுவலிக்கும் நல்லதாம். முதல் நாள் ஒரு மடக்கு குடித்தேன். கசப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சின்ன கிளாஸ் முழுக்கக் குடித்தேன். ஒரு மணி நேரத்தில் குமட்டல், மூன்று முறை வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டியது. காலையில் சரியாகிவிட்டது. பழக்கமில்லாததால் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டேன். வயது 54, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். மூலிகைதானே, அளவைக் குறைத்துத் தொடரலாமா? அப்சிந்த் என்ற மூலிகை மதுவைக் குடித்தவர்களுக்குப் பைத்தியம் பிடித்ததாகப் படித்தேன், இதுவும் அப்படியா? மூலிகை எண்ணெய் வாங்கி நானே ஒன்று தயாரித்துப் பார்க்கவும் ஆசை. குடிக்கக் கூடாது என்றால் முட்டியில் தேய்க்கவாவது பயன்படுத்தலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பாட்டிலை இறுக்கி மூடி, யார் கைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். இன்னொரு சொட்டுக்கூடக் குடிக்க வேண்டாம். கீழே கொட்டவும் வேண்டாம், அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கவலையெல்லாம் அப்சிந்த் மேல் இருக்கிறது. என்னை நிறுத்தி மறுபடி படிக்க வைத்தது வேறு இடம். கிளாஸ் முழுக்கக் குடித்த ஒரு மணி நேரத்தில் வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டல், மறுநாள் காலையில் எதுவுமே நடக்காதது போலத் தெளிவு. இதைப் பார்த்ததும் மூலிகை நச்சுகளோடு புழங்கும் எவருக்கும் ஒரு செடியின் பெயர் ஞாபகத்துக்கு வரும். அது ஜென்ஷியன் இல்லை. அதோடு ஒரே மேய்ச்சல் நிலத்தில் வளரும் வெராட்ரம்.

மஞ்சள் ஜென்ஷியனும் வெள்ளை வெராட்ரமும் பூக்காத பருவத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டுக்கும் அகலமான இலை, இலையில் நீளவாக்கில் ஓடும் தடித்த நரம்புகள். பூத்துவிட்டால் குழப்பமில்லை. ஒன்று பளிச்சென்று மஞ்சள், மற்றது பச்சை கலந்த வெள்ளை. பூ இல்லாதபோது பார்க்க வேண்டியது இலை தண்டில் உட்காரும் விதம். ஜென்ஷியனில் இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்கும். வெராட்ரத்தில் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது சற்று மேலே வேறு பக்கம் என்று மாறி மாறி ஏறும். இலையும் விசிறி மடிப்பு போல மடிந்திருக்கும், அடிப்பக்கம் மெல்லிய ரோமம் இருக்கும். இவ்வளவுதான் வித்தியாசம். மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் வேரைத் தோண்டுவது பெரும்பாலும் இலை வாடிப்போன பிறகு. அப்போது பார்க்க இலையே இருக்காது.

வேரிலும் வித்தியாசம் உண்டு. ஜென்ஷியனுக்கு முள்ளங்கி மாதிரி நீளமாக இறங்கும் ஆணிவேர், வெட்டினால் உள்ளே மஞ்சள். வெராட்ரத்துக்குக் குட்டையான, தடித்த கிழங்கு. அதைச் சுற்றி வெளுத்த கயிறு போல நிறைய வேர்கள் தொங்கும், வெட்டினால் உள்ளே வெள்ளை. முழுதாகத் தோண்டி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னப் பையனும் பிரித்துவிடுவான். கழுவி, நறுக்கி, மதுவில் மாதக்கணக்கில் ஊறப் போட்ட பிறகு நிறமும் போய்விடும், உருவமும் போய்விடும். ஆய்வுக்கூட மேசையில் வெள்ளைத்தாள் விரித்து, இரண்டிலும் ஊறிய துண்டுகளை வைத்துக்கொண்டு, எது எதுவென்று கண்ணால் சொல்ல முடியாமல் நான் நின்றிருக்கிறேன். கருவிதான் சொன்னது.

ஜென்ஷியன் என்று நினைத்து வெராட்ரத்தை ஊறப் போட்டு, வீட்டு மது குடித்து, குடும்பமாக ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் ஆல்ப்ஸ் பகுதி மருத்துவப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. வரிசையும் ஒன்றுபோலவே இருக்கும்: அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, ரத்த அழுத்தம் சரிவு, நாடித்துடிப்பு மந்தம். மருத்துவமனையில் அட்ரோபின் என்ற மருந்தைக் கொடுத்தால் இதயம் மறுபடி வேகம் பிடிக்கும். பெரும்பாலோர் ஒரு நாளில் தேறிவிடுகிறார்கள்.

இதன் பின்னால் இருக்கும் வேதியியல் ஒன்றும் புதிதல்ல. வெராட்ரத்தின் ஆல்கலாய்டுகள் (அதன் நச்சுப் பொருள்கள்) நரம்பணுக்களில் உள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். வாசலில் ஒருவன் காலைக் குறுக்கே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தவிடாமல் நிற்பது போல. அதன் விளைவாக இதயத்தை அடக்கும் அனிச்சை தூண்டப்படுகிறது. 1867-லேயே இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதே இனச் செடியின் சாற்றை உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தரும் அளவும் வாந்தி வரும் அளவும் மிக நெருக்கமாக இருந்ததால் கைவிட்டார்கள். நீங்களோ ஏற்கெனவே அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை போடுபவர். உங்களைப் பற்றி எனக்குக் கவலை வருவது இந்த இடத்தில்தான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இரவு உங்களுக்கு நடந்தது வெராட்ரத்தால்தான் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. ரத்த அழுத்த மாத்திரையும் மதுவும் சேர்ந்தாலும் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். அளவுக்கு மீறிய ஜென்ஷியன் கசப்பே வயிற்றைப் புரட்டலாம். ஆனால் இந்த மூன்றில் எது என்பதை இன்னொரு கிளாஸ் குடித்துக் கண்டுபிடிக்கக் கூடாது, அளவைக் குறைத்தும் கூடாது. உங்கள் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லுங்கள், ஒரு இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைக் கொட்ட வேண்டாம் என்றது இதற்காகத்தான். தேவைப்பட்டால் அந்த வேர்த் துண்டைச் சோதிக்கலாம்.

சரி, அப்சிந்துக்கு வருவோம். அந்தக் கதையில் செடிக்குக் கிடைத்த கெட்ட பெயர் ரொம்ப அதிகம்.

அப்சிந்தில் சேரும் வர்ம்வுட் செடி மாசிபத்திரி குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் எண்ணெயில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது. நிறைய உள்ளே போனால் வலிப்பு வரும், அதில் சந்தேகமே இல்லை. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற சமிக்ஞையை அது தடுக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மனநல மருத்துவர் வாலண்டன் மான்யான் வர்ம்வுட் எண்ணெயை விலங்குகளுக்குக் கொடுத்து வலிப்பை வரவழைத்துக் காட்டினார். எண்ணெயைக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள், கிளாஸில் ஊற்றிய மதுவை அல்ல. ஆனால் பழி மதுவின் மேல் விழுந்தது.

பிறகு 1905-ல் சுவிட்சர்லாந்தில் ஜான் லான்ஃப்ரே என்ற கூலித் தொழிலாளி கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றார். அன்று அவர் அப்சிந்த் இரண்டு கிளாஸ் குடித்திருந்தார். அதோடு லிட்டர் கணக்கில் ஒயினும், பிராந்தியும் குடித்திருந்தார். ஊர் பேசியது அந்த இரண்டு கிளாஸைத்தான். 1908-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, 1910 முதல் அங்கே அப்சிந்தைத் தடை செய்தார்கள். 1912-ல் அமெரிக்கா, 1915-ல் பிரான்ஸ். ஒயின் தப்பித்துக்கொண்டது.

நூறு வருடம் கழித்து, தடைக்கு முன் சீல் வைத்த பழைய பாட்டில்கள் 13-ஐத் திறந்து சோதித்தார்கள், முடிவு 2008-ல் வெளியானது. லிட்டருக்கு அரை மில்லிகிராமிலிருந்து 48 மில்லிகிராம் வரை துஜோன் இருந்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய மதுவுக்கு அனுமதிக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 35 மில்லிகிராம். அதாவது அந்தக் காலச் சரக்கும் இன்று சட்டப்படி விற்கும் சரக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 சதவீத அப்சிந்த் ஒரு லிட்டரில் துஜோன் ஒரு சிட்டிகைகூட இல்லை, ஆல்கஹாலோ அரைக் கிலோவுக்கு மேல். துஜோனால் வலிப்பு வரும் அளவுக்குக் குடிக்க முயன்றால், அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆல்கஹால் ஆளைச் சாய்த்துவிடும். அந்தக் காலக் குடிகாரர்களுக்கு வந்த நடுக்கமும் மாயத்தோற்றமும் பெரும்பாலும் குடிநோயின் அறிகுறிகள். மலிவுச் சரக்கில் பச்சை நிறத்துக்காகச் செப்பு உப்பு கலந்ததும் உண்டு.

ஆகவே லேபிளோடு கடையில் விற்கும் அப்சிந்தைப் பார்த்து மூளை கெடும் என்று பயப்பட வேண்டாம். ஆல்கஹாலைப் பார்த்துப் பயப்படுங்கள், ரத்த அழுத்த மாத்திரை போடும் நீங்கள் இன்னும் அதிகமாக.

இப்போது உங்கள் எண்ணெய் யோசனை. மன்னிக்கவும், இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1997-ல் ஒரு பிரபல அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு நோயாளியின் கதை வந்தது. 31 வயது ஆண். அப்சிந்த் பற்றிப் படித்துவிட்டு, இணையத்தில் வர்ம்வுட் எண்ணெய் வாங்கி, அதுதான் அப்சிந்த் என்று நினைத்துச் சுமார் 10 மில்லி குடித்துவிட்டார். வலிப்பு வந்தது, தசைகள் சிதைந்தன, அந்தக் கழிவு அடைத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. உயிர் பிழைத்தார். சில வர்ம்வுட் எண்ணெய்களில் பாதிக்கு மேல்கூட துஜோன் இருக்கும். அப்படிப்பட்ட எண்ணெய் 10 மில்லியில் இருப்பதை அனுமதிக்கப்பட்ட மதுவிலிருந்து பெற வேண்டுமானால், நூறு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். வாசனை எண்ணெய் என்பது வண்டி வண்டியாகச் செடியைக் கொட்டி, சாரத்தை மட்டும் சின்னக் குப்பியில் பிடித்தது. ‘சில சொட்டுதானே’ என்று நினைக்க வைப்பதே அந்தக் குப்பியின் அளவுதான்.

இன்னொரு விஷயம், இது உங்கள் பாட்டிலுக்கும் பொருந்தும். மூலிகை மதுவைப் பற்றி யார் கேட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: வடித்ததா, ஊறவைத்ததா? காய்ச்சி வடிக்கும்போது ஆவியாகிற பொருள்கள் மட்டும் மேலே ஏறி வரும். துஜோன் ஆவியாகும், வந்துவிடும். வர்ம்வுட்டின் கொடுங்கசப்புக்குக் காரணமான அப்சிந்தின் ஆவியாகாது, கொப்பரையிலேயே தங்கிவிடும். நல்ல அப்சிந்த் வாயில் வைக்க முடியாத கசப்பாக இருக்காததன் ரகசியம் இதுதான். வெராட்ரம், வச்சநாபி போன்ற செடிகளின் ஆல்கலாய்டுகளும் ஆவியாகாதவை. ஜென்ஷியன் வேரை நொதிக்க வைத்து வடிக்கும் சாராயம் ஆல்ப்ஸில் காலங்காலமாக உண்டு. அதில் தப்பித் தவறி ஒரு தவறான வேர் விழுந்தாலும் நஞ்சு கொப்பரையில் நின்றுவிடும். ஊறல் பாட்டிலில் நிற்க இடமே இல்லை. வேரில் இருந்ததெல்லாம் கிளாஸுக்கு வரும். உங்கள் பாட்டிலுக்குள் வேர் மிதக்கிறது என்றால் அது ஊறல்.

‘ஆல்கஹால் நஞ்சை முறித்துவிடாதா?’ என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆல்கஹால் கிருமியைக் கொல்லும். ஆல்கலாய்டைக் கரைத்து, கெடாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளும். சீனாவின் யுன்னான் பக்கம் மூலிகை மது குடித்து மக்கள் சாவதில் பெரும் பங்கு வச்சநாபிக் கிழங்குக்கு. அங்கே அதை மூட்டுவலிக்காக ஊறப் போடுவார்கள். சீன மருத்துவத்தில் அந்தக் கிழங்கை நாள்கணக்கில் ஊறவைத்து, மணிக்கணக்கில் தண்ணீரில் கொதிக்கவிட்ட பிறகுதான் பயன்படுத்துவது முறை. நீண்ட கொதிப்பில் அதன் நச்சான அகோனிட்டினின் மூலக்கூறு உடைந்து பலமடங்கு சாதுவான பொருளாகிவிடும். அந்தப் படியைத் தாண்டி, பச்சைக் கிழங்கை நேராகச் சாராயத்தில் போட்டால் உடைக்க ஆளில்லை. சுத்தமான அகோனிட்டின் 2 மில்லிகிராம் ஒரு ஆளைக் கொல்லப் போதும். ஒரு மிளகின் எடையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. இதயத் துடிப்பு தாறுமாறாகும்போது டாக்டர்கள் கூடவே நின்று போராடுவார்கள், அவ்வளவுதான்.

அங்கேயே பெயர் செய்த இன்னொரு வினை. சான்ச்சி என்று ஜின்செங் இனத்தைச் சேர்ந்த ஒரு மூலிகை, அடிபட்ட வீக்கத்துக்கும் ரத்தக்கட்டுக்கும். தூசான்ச்சி என்று இன்னொன்று. ‘தூ’ என்றால் மண். நாம் ‘நாட்டு’ என்று முன்னால் போடுவோமே, அந்த மாதிரி. நாட்டுச் சான்ச்சி என்று கேட்டால் எதுவோ நல்ல சாமான் போலத்தான் படும். உண்மையில் சம்பந்தமில்லாத வேறு செடி. அதிலுள்ள ஆல்கலாய்டுகள் கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்து, வயிற்றில் நீர் கோக்க வைக்கும். ஒரே கிளாஸில் தெரியாது, வாரக்கணக்கில் தினமும் மருந்து மாதிரிக் குடித்தவர்களுக்கே வரும். வாந்தி எடுக்கவைத்து எச்சரிக்கும் வெராட்ரம் இந்த வகையில் நேர்மையான செடி என்பேன்.

பெயர் சரியாக இருந்தாலும் போதாது என்பதற்கு வசம்பு போதும். ஐரோப்பியக் கசப்பு மதுக்களில் காலங்காலமாகச் சேர்ந்தது. ஆசியாவில் வளரும், நான்கு தொகுதிக் குரோமோசோம் கொண்ட வசம்பின் எண்ணெயில் பீட்டா-அசரோன் என்ற பொருள் மிக அதிகம். ஐரோப்பாவில் வளரும் மூன்று தொகுதி வகையில் குறைவு, அமெரிக்க இரு தொகுதி வகையில் இல்லவே இல்லை. வசம்பு எண்ணெய் எலிகளில் புற்றுநோய் வரவைத்ததால் அமெரிக்கா 1968-ல் வசம்பை உணவில் தடை செய்தது. ஐரோப்பா நான்கு தொகுதி வகையைச் சுவையூட்டி தயாரிக்கவே விடுவதில்லை, மதுவில் பீட்டா-அசரோன் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் வாயால் சுவைத்துச் சொல்ல முடியாது. லேபிள் ஒட்டிய பாட்டிலுக்கு நீங்கள் தரும் கூடுதல் காசில் ஒரு பங்கு, இதை அளந்து பார்க்க எங்களைப் போன்றவர்களுக்குப் போகிறது. (எங்கள் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.)

உங்களுக்கு ஆசை கசப்பு மதுவின் மேல்தான் என்றால், டாக்டர் மதுவுக்கே தடை சொல்லாத பட்சத்தில், தயாரித்தவர் பெயர் அச்சிட்ட ஜென்ஷியன் மது ஒன்றை வாங்கிச் சிறிது குடியுங்கள். வீட்டில் தயாரிக்கத்தான் வேண்டும் என்றால், சமையலுக்கு விற்கும் பொருள்களோடு நில்லுங்கள்: ஆரஞ்சுத் தோல், ஏலம், இஞ்சி. தோண்டிய வேரும் வேண்டாம், குப்பி எண்ணெயும் வேண்டாம்.

இனி யாராவது இப்படி ஒன்றைக் குடித்து உடம்பு கெட்டால் ‘போதைதான், தூங்கினால் சரியாகும்’ என்று போர்வையைப் போர்த்திவிடாதீர்கள். மூலிகை மதுவில் ஆளைக் கொல்வது பல நேரம் இந்த வார்த்தைதான். வெறும் போதையில் நாக்கும் உதடும் மரத்து எறும்பு ஊர்வது போல் ஆகாது, வச்சநாபியில் ஆகும். வெறும் போதையில் நாடி இவ்வளவு மெதுவாகாது, வெராட்ரத்தில் ஆகும். மணிக்கட்டில் கை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஐம்பதுக்குக் கீழே இருந்தால், அல்லது துடிப்பு விட்டு விட்டு வந்தால், ஆளையும் பாட்டிலையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

முட்டியில் தேய்க்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு, வேண்டாம். வச்சநாபி ஆல்கலாய்டு தோல் வழியாகவும் உள்ளே போகும், புண்ணோ கீறலோ இருந்தால் இன்னும் வேகமாக. உங்கள் பாட்டிலில் இருப்பது அது என்று நான் சொல்லவில்லை, இல்லை என்று சொல்லவும் என்னால் முடியாது. தவிர, தேய்ப்பதற்கு வைத்த மதுவை வீட்டில் வேறொருவர் குடிமது என்று எடுத்துக் குடித்த கதைகளும் நிறைய உண்டு.

அப்புறம் ஒரு போன் செய்ய வேண்டும், இன்றைக்கே. பண்ணை வீட்டிலிருந்து ஒருவர் ஒரே ஒரு பாட்டில் வாங்கிவந்திருக்க மாட்டார். உங்களுக்கு ஒன்று கொடுத்தவர் தனக்கும் ஒன்று வைத்திருப்பார், இன்னும் இரண்டு பேருக்குக் கொடுத்திருப்பார். யார் யாருக்கு என்று கேளுங்கள். அந்த வேரை எந்த மாதத்தில் தோண்டினார்கள், அப்போது செடியில் இலை இருந்ததா என்றும் கேட்டு எழுதுங்கள்.